ஏந்தி வந்தவர்கள்

ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் ஹோலி டிரினிட்டி தேவாலயப் பதிவேட்டில் 1558 செப்டம்பர் 15 அன்று ஜோன் என்ற பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. தகப்பன் ஜான் ஷேக்ஸ்பியர், கையுறை தைப்பவர். பத்தரை ஆண்டுகள் கழித்து, 1569 ஏப்ரல் 15 அன்று, அதே தகப்பன் பெயரோடு இன்னொரு வரி. மறுபடியும் ஜோன்.

முதல் ஜோனுக்கு என்ன ஆயிற்று? அடக்கப் பக்கங்களில் அவள் பெயர் இல்லை. அடுத்துப் பிறந்த மார்கரெட் ஐந்து மாதத்தில் இறந்தாள். அதற்கு வரி இருக்கிறது. ஜோனுக்கு இல்லை. இறந்த பிள்ளையின் பெயரைப் பின்னால் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து இங்கிலாந்தில் வழக்கம். ஆகவே இரண்டாவது ஜோனின் பெயரைப் பார்த்துத்தான் முதல் ஜோன் போய்விட்டாள் என்று தெரிந்துகொள்கிறோம். ஒரு குழந்தையின் சாவுச் செய்தியை நானூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பது இன்னொரு குழந்தையின் பெயர். இரண்டாவது ஜோன் ஒரு தொப்பிக்காரரைக் கட்டிக்கொண்டு 1646 வரை வாழ்ந்தாள். நாடகங்கள் எழுதிய அவள் அண்ணனின் நேர்வாரிசு 1670-ல் பேத்தியோடு நின்றுபோயிற்று. அந்தக் குடும்பத்தின் இரத்தம் இன்று எங்காவது ஓடுகிறதென்றால் அது இந்த ஜோன் வழியாகத்தான்.

எனக்கு இங்கிலாந்தில் மூதாதையர் எவரும் இல்லை. ஆனாலும் அந்த நாட்டுத் தேவாலயப் பதிவேடுகளின் படிமங்களைப் பார்க்கத் தொடங்கினால் இரவு போவது தெரிவதில்லை. ஆட்டுத்தோல் தாளில், ஓக் மரத்து மாசிக்காய்களையும் இரும்பு உப்பையும் சேர்த்துக் காய்ச்சிய மையில் எழுதிய வரிகள். சில இடங்களில் மை தாளையே தின்றிருக்கும். சில இடங்களில் ஈரம் ஏறி ஒரு பத்தாண்டே கறையாகிக் கிடக்கும். அந்தக் கறைக்குள் எத்தனை கல்யாணம், எத்தனை பிள்ளைகள் என்று நினைக்கும்போது வயிற்றை என்னவோ செய்யும்.

இந்தப் பதிவேடுகளைப் பிறப்பித்தது அன்பு இல்லை. 1538 செப்டம்பரில் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை இட்டார். ஒரு தேவாலயத்தைச் சார்ந்த ஊரெல்லையைக் கத்தோலிக்கர் பங்கு என்பார்கள், தென்னிந்தியத் திருச்சபையார் சேகரம் என்பார்கள். அப்படி ஒவ்வொரு பங்கிலும் குரு ஒரு புத்தகம் வைத்து, அந்த வாரம் நடந்த கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் சபை மூப்பர்கள் முன்னிலையில் எழுத வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவிடம், மற்றது மூப்பர்களிடம். எழுதத் தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் தண்டம்.

ஊர் மிரண்டது. பிள்ளை பிறந்தால் வரி, கல்யாணம் செய்தால் வரி, செத்தாலும் வரி என்று பேச்சு. இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1536-ல், வடக்கே பெரும் கிளர்ச்சி மூண்டபோதே அந்த வதந்தி ஊர் ஊராகச் சுற்றியிருந்தது. ஆணையிட்ட குரோம்வெல்லை 1540 ஜூலை 28 அன்று அரசரே தலைவெட்டிக் கொல்லவைத்தார். அவர் பட்னி என்ற ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். எந்த நாளில் பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தேசத்தின் பிள்ளைகளையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னவரை, அவர் பிறந்தபோது எழுதிவைக்க ஒரு புத்தகம் இருக்கவில்லை.

ஊராரின் பயம் பொய்க்கவும் இல்லை. 1694-ல் வந்த சட்டம் பிறப்புக்கு இரண்டு ஷில்லிங், கல்யாணத்துக்கு இரண்டரை, அடக்கத்துக்கு நான்கு என்று வரி போட்டது. பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் வேண்டியிருந்தது. 1783-ல் மறுபடி ஒரு வரி, பதிவு ஒன்றுக்கு மூன்று பென்ஸ். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. அவர்கள் பெயரருகே ‘பி’ என்று ஓர் எழுத்து. வரி தொடங்கும் நாளுக்கு முன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ஆண்டின் செப்டம்பர் பக்கங்கள் பல ஊர்களில் நெரிசலாக இருக்கும். கம்பளித் தொழிலைக் காப்பாற்ற இன்னொரு சட்டம்: பிணத்தைக் கம்பளித் துணியில்தான் சுற்ற வேண்டும், சுற்றியதாக எட்டு நாளுக்குள் சத்தியப் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து பவுண்டு. அடக்க வரிகளின் ஓரத்தில் அதற்கான குறிப்பைப் பார்க்கிறபோது, சவத்தருகே உட்கார்ந்து துணியைத் தொட்டுப் பார்க்கும் ஒரு கிழவியின் விரல்கள் எனக்குத் தெரியும்.

ஏழையின் பெயர் ஏட்டில் ஏறுவதற்கு இப்படி எப்போதும் யாருடைய பணமோ காரணமாக இருந்திருக்கிறது. குடும்ப வரலாறு தேடுபவர்கள் இதை முதலிலேயே கற்றுக்கொள்கிறார்கள். செல்வருக்கு உயில் உண்டு, பத்திரம் உண்டு, கல்லறையில் பொறித்த எழுத்து உண்டு. கூலிக்காரனைத் தேட வேண்டுமானால் அவனால் பங்குக்குச் செலவு வந்த இடத்தில் தேட வேண்டும். 1662-ன் குடியிருப்புச் சட்டப்படி பிழைக்க வழியில்லாத ஒருவரை அவருடைய சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் நீதிபதிகள் விசாரிப்பார்கள்: எங்கே பிறந்தாய், யாரிடம் ஓராண்டு வேலை பார்த்தாய், எப்போது கட்டிக்கொண்டாய். துரத்துவதற்காகக் கேட்ட கேள்விகள். அந்தப் பதில்கள்தான் இன்று ஒரு கூலிக்காரனின் ஒரே தன்வரலாறு. அதை வாசித்துக் கண்ணீர் விடும் கொள்ளுப்பேரன்களின் பேரன்கள் இருக்கிறார்கள்.

தேடும் வழி மேலிருந்து கீழே இறங்குவது. 1837 ஜூலை 1 முதல் அரசே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கியது, அதுவரை வெளிச்சம். 1851 மக்கள்தொகைக் கணக்கில் பிறந்த பங்கின் பெயரும் இருப்பதால் அங்கிருந்து ஓர் ஊரைப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு தேவாலய ஏடுகள். 1813 முதல் அச்சிட்ட படிவம்: தாய் தகப்பன் பெயர், இருப்பிடம், தொழில். பக்கம் பக்கமாகத் தொழில் கட்டத்தில் ‘கூலி’, ‘கூலி’, ‘கூலி’. 1754 முதல் கல்யாண ஏட்டில் மணமக்கள் கையெழுத்திட வேண்டும். எழுதத் தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார், பக்கத்தில் எழுத்தர் ‘இன்னாரின் குறி’ என்று எழுதுவார். அந்தக் காலத்தில் ஆண்களில் பத்துக்கு ஆறு பேர்தான் பெயர் எழுதினார்கள், பெண்களில் பத்துக்கு நாலு பேர்கூட இல்லை. ஆனால் அந்தக் குறிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலது நடுங்கும், சிலது ஆழமாக அழுந்தியிருக்கும், சிலது கோட்டைத் தாண்டி ஓடும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை பேனாவைப் பிடித்த கை. அந்தக் குறியைத் தொட்டுப் பார்க்க அனுமதி இருந்தால் தொட்டுவிடுவேன்.

1754-க்கு முன்னால் போனால் இருட்டிவிடும். வில்லியத்தின் மகன் ஜான், ஜானின் மகன் வில்லியம். பல ஊர்களில் தாயின் பெயரே இல்லை. அவள் வயிற்றைத் தாண்டி வரி தகப்பனிடம் போய்விடும். செத்த பெண் ‘இன்னாரின் மனைவி’. வழியில் விழுந்து செத்தவள் ‘போகிற ஏழைப் பெண் ஒருத்தி’. ஆண்டுக் கணக்கும் குழப்பும். 1752-க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஆகவே ஏட்டில் ஏப்ரலில் கல்யாணம் செய்தவர்களுக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் பிள்ளை என்றிருந்தால் யாரையும் சந்தேகிக்க வேண்டாம். அந்த ஆண்டின் பிப்ரவரி ஏப்ரலுக்குப் பின்னால்தான் வந்தது. 1598-ல் பழைய தாள் ஏடுகளையெல்லாம் தோலில் படியெடுக்கச் சொன்னபோது, எலிசபெத் பட்டமேறிய 1558-லிருந்து எழுதினால் போதும் என்று சலுகை கொடுத்தார்கள். பல ஊர்கள் அங்கேயே நிறுத்திக்கொண்டன. முதல் இருபது ஆண்டுப் பெயர்கள் அந்த ஒரு சலுகையில் போய்விட்டன. ஷேக்ஸ்பியரின் பெயருள்ள வரியும் அப்படி ஒரு படிதான். அவர் பிறந்து ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் எழுதப்பட்டது.

இவ்வளவையும் தாண்டி வருகிறவர் ஒருநாள் ஒரு சொல்லில் முட்டி நிற்பார். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘முறைதவறிப் பிறந்தது’ என்று எழுதியிருக்கும். லத்தீனில் எழுதிய குருமார் சிலர் ‘ஊரின் மகன்’ என்று எழுதினார்கள். இகழ்ச்சியாக எழுதிய சொல்தான். எழுதியவரின் மனதைவிட அந்தச் சொல் பெரியதாக இருக்கிறது. தேடுபவருக்கு அங்கே கொடிவழி அறுந்துவிடும். எத்தனையோ பேர் அந்த இடத்தில் ஏமாற்றத்தோடு ஏட்டை மூடுகிறார்கள். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் பக்கத்தில் சொல்வதை இந்த இடத்துக்குத்தான் சொன்னார்களோ என்று நானும் நினைத்ததுண்டு. இப்போது அப்படி நினைப்பதில்லை. காரணம் ஹெல்ப்ஸ்டன்.

பீட்டர்பரோவுக்கும் ஸ்டாம்ஃபோர்டுக்கும் நடுவில் தட்டையான நிலத்தில் கிடக்கும் சிற்றூர் அது. 1760-களில் அங்கே ஸ்காட்லாந்திலிருந்து ஒரு நாடோடி வாத்தியார் வந்து சேர்ந்தார். ஜான் டொனால்டு பார்க்கர் என்று பெயர். பிடில் வாசிப்பார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். ஊர்த் தேவாலயத்தில் ஜான் கிளேர் என்பவர் பங்கு எழுத்தர். நம் தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் கோயில்பிள்ளை என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த இடம்: ஆராதனையில் ஆமென் சொல்வதிலிருந்து கோயிலின் அன்றாடக் காரியங்கள்வரை. பல ஊர்களில் பதிவேட்டை எழுதியதும் எழுத்தர்தான். அவருடைய மகள் ஆலிஸ். வாத்தியாரால் ஆலிஸ் கர்ப்பமானாள். செய்தி தெரிந்ததும் வாத்தியார் ஊரைவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவேயில்லை.

அந்தக் காலத்தில் மணமாகாத பெண் கர்ப்பமானால் ஊரே விசாரிக்கும். 1733 சட்டப்படி அவள் நீதிபதி முன் சத்தியம் செய்து தகப்பன் பெயரைச் சொல்லலாம். சொன்னால் அந்த ஆளைப் பிடித்து, பிள்ளையின் செலவுக்குப் பிணை வாங்குவார்கள். பிடிக்க முடியாவிட்டால் செலவு பங்கின் தலையில் விழும், பங்கின் கோபம் அவள் தலையில் விழும். இவளோ எழுத்தரின் மகள். ஊரார் பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்கெல்லாம் பக்கத்தில் நின்று ஆமென் சொல்கிறவரின் வீட்டில் இந்தப் பிள்ளை. 1765-ல் அது பிறந்தது. ஆண்பிள்ளை. ஓடிப்போனவரின் குடும்பப்பெயரை எடுத்து அதையே பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள். பார்க்கர். குடும்பப்பெயராகத் தாயின் பெயர். பார்க்கர் கிளேர்.

குடும்ப வரலாறு தேடுபவர்கள் இந்த வழக்கத்தை அறிவார்கள். மணமாகாத தாய்மார் தகப்பனின் குடும்பப்பெயரைப் பிள்ளையின் முதற்பெயராக வைத்துவிடுவார்கள். சட்டத்துக்கும் ஏட்டுக்கும் தெரியாத தகப்பன் பிள்ளையின் பெயருக்குள் வந்து உட்கார்ந்துவிடுவான். குருவுக்கு அது ஒரு பெயர். தாய்க்கு அது சாட்சியம். ஆவணங்களை மட்டும் நம்புகிற ஆய்வாளர்கூட அங்கே ஒரு பெண்ணின் குரலைக் கேட்டே ஆக வேண்டும்.

பார்க்கர் கிளேர் வளர்ந்து கதிரடிக்கும் கூலியாள் ஆனார். நூற்றுக்கு மேற்பட்ட கதைப்பாடல்கள் அவருக்கு மனப்பாடம். மல்யுத்தத்தில் ஆசை. முடக்குவாதம் வந்து உடல் ஒடுங்கியபின் பங்கின் உதவிப்பணத்தில் வாழ்ந்தார். அவருக்கு 1793 ஜூலை 13 அன்று இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. பெண்குழந்தைதான் திடமாக இருந்தாளாம். சில வாரங்களில் அவள் போய்விட்டாள். நோஞ்சானாக இருந்த பையன் பிழைத்தான். ஜான் என்று பெயர். கொள்ளுத்தாத்தாவின், அந்தக் கோயில் எழுத்தரின் பெயர்.

நம் மொழியில் பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பெயர் இருக்கிறது: பெயரன், முன்னோர் பெயரைச் சுமப்பவன். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் ஹெல்ப்ஸ்டனில் நடந்தது அதுதான். அந்தப் பையன் கிளிண்டன் என்ற பக்கத்து ஊர்த் தேவாலயத்தின் உடைமாற்றும் அறையில் நடந்த பள்ளியில் எழுதக் கற்றான். அப்படிப்பட்ட அறைகளில்தான் பங்கின் பெட்டியையும் வைத்திருப்பார்கள். எழுத்தே தெரியாத ஆன் என்ற தாயின் பிள்ளை. 1820 ஜனவரியில் அவனுடைய முதல் கவிதைத் தொகுதி லண்டனில் வெளிவந்தது. நார்தாம்ப்டன்ஷயர் குடியானவன் என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டு விற்றார்கள். இன்று ஜான் கிளேரை இங்கிலாந்தின் பெருங்கவிஞர்களில் ஒருவராக வைக்கிறார்கள். குருவிக்கூட்டையும் வேலிச்செடியையும் அவரைப்போலக் கிட்டத்தில் போய்ப் பார்த்து எழுதியவர் அந்த மொழியில் அபூர்வம்.

வாத்தியார் ஓடாமல் ஆலிஸைக் கட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கவிஞர் ஜான் பார்க்கர் என்று அழைக்கப்பட்டிருப்பார். கிளேர் என்ற பெயர் இலக்கியத்தில் நிற்பது ஒருத்தி கைவிடப்பட்டதால். கொடிவழி அறுந்த இடம் என்று தேடுபவர்கள் சொல்வார்களே, அந்த இடத்தில்தான் இந்தக் குடும்பப்பெயர் உயிரோடு பிடிக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் தொகுதி வந்த அதே 1820, மார்ச் 16 அன்று, கிரேட் காஸ்டர்டன் தேவாலயத்தில் ஜான் கிளேர் மார்த்தா டர்னரைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஜூன் தொடக்கத்தில் மகள் பிறந்தாள். அவர் தயங்கவே இல்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே தயங்கினார். மனதில் வேறொரு பெண்ணும் இருந்தாள். ஆனால் ஓடவில்லை. தாத்தா ஓடிய இடத்தில் பேரன் நின்றார். பதிவேட்டில் இரண்டு தேதிகள். அவற்றைக் கூட்டிக் கழித்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரக் கல்யாணம் என்று எழுதிவைத்து நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஒரு மனிதன் தன் பாட்டியின் கதையை நினைத்திருப்பான் என்று தோன்றுகிறது.

ஜான் கிளேரின் குடும்பத்தை மனதில் வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரின் வரிக்குத் திரும்பிப் போனபோதுதான் இத்தனை நாள் கண்முன் இருந்தும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். 1564 ஏப்ரல் 26. அவர் பிறந்த நாள் எது என்று உலகத்துக்கு இன்றும் தெரியாது. ஏப்ரல் 23 என்பது நாமாக வைத்துக்கொண்டது. ஏட்டில் இருப்பது ஞானஸ்நானத்தின் நாள். முன்னூறு ஆண்டு காலமாக இந்தத் தேவாலய ஏடுகளில் பிறந்த நாளை எழுதியதே குறைவு. அவை பிறப்பை எழுதவில்லை. ஒரு பிள்ளையை யாரோ ஏந்திக்கொண்டு வந்ததை எழுதின.

அந்த ‘யாரோ’ யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அக்காலத்தில் பிறந்த சில நாளிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை தங்குமோ தங்காதோ என்ற பயம். தாய் ஒரு மாதம் வீட்டுக்குள் இருப்பாள். அதன்பிறகுதான் நன்றிப் பிரார்த்தனைக்குத் தேவாலயம் வருவாள். ஆகவே தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தை அவள் பெரும்பாலும் பார்க்கவே மாட்டாள். மருத்துவச்சி ஏந்திக்கொண்டு நடப்பாள். ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் கூட வருவார்கள். குரு தொட்டியருகே நின்று, இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள். தாய் வீட்டில் படுக்கையில் சொல்லி அனுப்பிய பெயர் மருத்துவச்சியின் கையோடு தெருவில் நடந்து, ஞானத்தாயின் வாயிலிருந்து குருவின் காதுக்குப் போய், அவர் காதில் விழுந்தபடி ஏட்டில் ஏறும். அதனால்தான் ஒரே குடும்பப்பெயருக்கு ஏழு எட்டு எழுத்துவடிவம். எழுத்துப் பிழை என்று நாம் சொல்வது ஒரு பெயர் கைமாறி வந்த தடம்.

இரத்தத்தைப் பற்றி அந்த ஏட்டுக்கு எதுவும் தெரியாது. தகப்பன் என்று எழுதப்பட்டவர் தகப்பன்தானா என்று எந்தக் குருவாலும் சொல்ல முடியாது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். இருபது தலைமுறைக்கு முன்னால் பத்து லட்சத்துக்கும் மேல். 1541-ல் இங்கிலாந்தின் மொத்த மக்களே ஏறத்தாழ 28 லட்சம் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்; 404 பங்குகளின் ஏடுகளை ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் எண்ணிக் கொடுத்து, கேம்பிரிட்ஜில் போட்ட கணக்கு. ஆக இரத்தம் என்று பார்த்தால் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், தேடவே வேண்டியதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பிள்ளையை இது எங்கள் பிள்ளை என்று சொல்லி, ஊர் பார்க்க ஏந்திக்கொண்டு நடந்த மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். குடும்பம் என்று நாம் பின்னோக்கித் தேடிப்போவது அந்த நடையைத்தான். ஓடிப்போனவருக்கும் அந்தப் பிள்ளையில் பாதி இரத்தம் உண்டு. ஆனால் மூதாதை என்று நான் ஆலிஸைத்தான் சொல்வேன்.

ஏந்தி வருவதெல்லாம் அன்பினால் என்றும் சொல்லிவிட முடியாது. 1616 டிசம்பர் 22 அன்று லண்டனில் செயின்ட் டையனிஸ் பேக்சர்ச் தேவாலயத்தில் ஓர் இளைஞனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. வங்காள விரிகுடாக் கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் குரு பாட்ரிக் கோப்லாண்டு 1614-ல் கூட்டிப்போன பையன். லத்தீன் கற்றுக்கொடுத்தார்கள். அவனுக்கு பீட்டர் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அரசர் முதலாம் ஜேம்ஸ். லண்டனின் பெரிய மனிதர்கள் வந்து நின்று பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற முதல் இந்தியன் என்று அவனைச் சொல்கிறார்கள். பின்னால் அவன் லத்தீனில் எழுதியதாகச் சொல்லும் கடிதங்கள்கூட அச்சாயின. அவனுடைய தாய் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தக் கரை நம் கரை. அந்த வரியைப் படிக்கும்போது அரசர் கொடுத்த பெயர் எனக்குச் சற்றும் பெருமையாக இல்லை. எங்கோ ஒரு குடிசை வாசலில் வேறொரு பெயர் கூப்பிடப்பட்டு, பதில் வராமல் நின்றிருக்கிறது.

அதே கம்பெனியின் ஏடுகள் சென்னையிலும் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4-ல், கம்பெனி அதிகாரி எலிஹு யேலின் கல்யாணம் அங்கே பதிவானது. 1753-ல் ராபர்ட் கிளைவின் கல்யாணமும். சென்னைப் பதிவுகளின் படிகள் பின்னாளில் கப்பலேறி லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இந்தியாவில் வேர் தேடும் ஆங்கிலக் குடும்பங்கள் அங்கேதான் முதலில் போகின்றன. 1687-ல் கம்பெனியின் இயக்குநர்கள் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள்: கோட்டைச் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொள்வதை ஊக்கப்படுத்துங்கள், அந்தக் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்று தாயின் கையில் ஒரு வராகன் கொடுங்கள். வராகனுக்குக் கணக்கு உண்டு. ஆனால் கம்பெனி காலத்து ஞானஸ்நான வரிகள் எத்தனையோவற்றில் தகப்பனின் பெயரும் படைப்பிரிவும் இருக்கும், தாயின் இடத்தில் ஒன்றும் இராது, அல்லது உள்ளூர்ப் பெண் என்று இரண்டே சொல் இருக்கும். பிள்ளையை அவள் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பாள். அந்த மணல்வெளியில் வெயிலில் நடந்து வந்து, காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போயிருப்பாள். இங்கிலாந்தின் ஏதோ ஒரு வீட்டுக் கொடிவழிப் படத்தில் அவளுக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் கட்டத்தை அழித்துவிடாமல் காலியாகவே வைத்திருக்கிறவர்களை நான் மதிக்கிறேன்.

இன்று அந்தப் பழைய இரண்டு பூட்டுப் பெட்டிகள் பல தேவாலயங்களில் வெறுமையாக நிற்கின்றன. 1978-ல் வந்த திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு பழைய ஏடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய்விட்டன. ஈரப்பதம் அளந்து வைத்த அறைகளில், அமிலமில்லாத அட்டைகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஓய்வுபெற்ற செவிலிகளும் பேருந்து ஓட்டுநர்களும் பென்சிலோடு உட்கார்ந்து குனிந்திருப்பார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் ஏதாவதொரு பிரபுவின் வழித்தோன்றல் என்று தெரிந்தால் நன்றாயிருக்கும் என்ற நினைப்போடு தொடங்கியவர்கள். சில மாதத்துக்குப் பிறகு அவர்கள் தேடுவது மாறிவிடுகிறது. 1780-களில் நாலு பிள்ளைகளைப் புதைத்துவிட்டு ஐந்தாவதைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கூலிக்காரனின் மனைவிக்கு என்ன பெயர் என்று கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது என்பார்கள். அந்த மாற்றம் வந்தவர்களோடு பேசினால் தெரியும். அவர்கள் பேச்சில் ஒரு தணிவு வந்திருக்கும்.

ஜான் கிளேர் தன் வாழ்நாளின் கடைசி இருபத்துச் சொச்சம் ஆண்டுகளை நார்தாம்ப்டன் மனநல விடுதியில் கழித்தார். சில காலம் தன்னைக் கவிஞர் பைரன் என்று சொல்லிக்கொண்டார். தன் பெயர் தன் கையைவிட்டு நழுவிய மனிதர். 1864 மே 20 அன்று இறந்தார். உடலை ரயிலில் ஹெல்ப்ஸ்டனுக்குக் கொண்டுவந்து, 25-ம் தேதி தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஏட்டில் கிளேர் என்றே எழுதினார்கள்.

ஆலிஸைப் பற்றிப் பெரிதாக எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. எனக்கு அவளைப் பற்றி ஒன்று மட்டும் உறுதியாகத் தெரியும். 1765-க்குப் பிறகு எத்தனையோ மாலைகளில், விளக்கு ஏற்றும் நேரத்தில், அந்த வாசலில் நின்று அவள் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பாள். வயல்பக்கம் பார்த்து, ஊர் கேட்க, உரக்க: பார்க்கர்.